உளைச்சல் என்ற ஒரே சொல்

சிவகிரியின் வரலாறு என்று இதுவரை எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் பாளையத்தின் வரலாறுதான். திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்களில் அது ஒன்று. 1783-இல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிவிட்டு அடுத்ததாகப் படையோடு வந்தது சிவகிரிக்குத்தான். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாக மாறின; 1948-இல் சென்னை மாகாணம் நிறைவேற்றிய எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன்களின் காலமும் முடிந்தது. யார் அரசுக்கு எவ்வளவு பேஷ்குஷ் என்ற வரியைக் கட்டினார்கள், எந்த வாரிசு எந்த வாரிசோடு வழக்காடினார் என்பதற்கெல்லாம் காகிதம் இருக்கிறது. அந்த பேஷ்குஷுக்கான நெல்லை நட்டுக் களைபறித்து அறுத்தவர்களின் முதுகு என்ன ஆயிற்று என்பதற்குக் காகிதம் இல்லை. சிவகிரியிலிருந்து மலையை ஒட்டியே தெற்கே இறங்கினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊர்கள் வருகின்றன. கிழக்கே திரும்பினால் சங்கரன்கோவில். வடக்கே சற்றுத் தொலைவில் ராஜபாளையத்து நூற்பாலைகள். வயல், தறி, பீடி, ஆலை என்ற நான்கு வேலைகளும் அடுத்தடுத்து நடந்துவரும் வட்டாரம் இது. இந்த வேலைகள் மனித உடம்பை எப்படி வளைத்தன என்பதும் இந்த ஊரின் வரலாறுதான். அதை எழுதாமல் விட்டதால், உடம்பு வலிக்கு நாம் தவறான காரணங்களைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

நெல்லைச் சீமையில் இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகைக் ‘குறுக்கு’ என்பார்கள். ‘குறுக்கு ஒடியுது’ என்று ஒருவர் சொன்னால் அன்றைய வேலை எப்படிப்பட்டது என்று கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். இதைவிட நுட்பமான இன்னொரு சொல் உண்டு: உளைச்சல். கை உளைகிறது, கால் உளைகிறது என்று உடம்பைப் பற்றிச் சொல்கிறோம். மன உளைச்சல் என்று உள்ளத்தைப் பற்றியும் அதே சொல்லால் சொல்கிறோம். வேலையின் நெருக்கடியும் தசையின் வலியும் ஒன்றோடொன்று பின்னியவை என்று இன்றைய தொழில்சார் மருத்துவம் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொல்வதை நம் பேச்சு ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வலிக்குக் காரணம் கேட்டால் வரும் விடைகள் இரண்டுதான்: ‘வயசாயிட்டுல்லா’ என்பது ஒன்று, ‘பொம்பளை உடம்பு அப்படித்தான்’ என்பது மற்றொன்று. இந்த இரண்டு விடைகளும் பெரும்பகுதி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். உடம்பைத் தேய்த்தது முதன்மையாக வேலை பங்கிடப்பட்ட விதமும் கூலி கணக்கிடப்பட்ட விதமும்தான். வயதும் பாலும் அந்தப் பங்கீடு நடந்த வழிகள்.

முதலில் வயல். தாமிரபரணிப் பாசனத்திலும் மலையடிவாரக் குளத்துப் பாசனத்திலும் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவங்கள். உழவும் நீர் இறைப்பும் மூட்டை சுமப்பதும் ஆண்களின் வேலை. நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண்களின் வேலை. ஆண்களின் வேலை கடுமையானது, பெண்களின் வேலை இலகுவானது என்ற கணக்கில்தான் கூலி பிரிந்தது. உடம்பின் பார்வையில் இந்தக் கணக்கு பொருந்தாது. கமலை இறைப்பவருக்கு மாடு துணை. மாடு ஏறி இறங்கும் நேரத்தில் உடம்புக்கு நிலை மாறும். நடவு நடுபவருக்கு அந்த மாற்றம் கிடையாது. சேற்றில் கால் புதைந்திருக்க, இடுப்பிலிருந்து மடங்கி, இடக்கையில் நாற்றுமுடியைப் பிடித்து, வலக்கையால் ஊன்றிக்கொண்டே பின்னோக்கி நகர வேண்டும். தூக்கும் எடை சிறிது; ஆனால் மேலுடம்பின் முழுப் பாரத்தையும் கீழ்முதுகின் தசைகளும் தட்டுகளும் மணிக்கணக்கில் தாங்குகின்றன. வரிசையில் ஒருத்தி நிமிர்ந்தால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்பதால் நிமிர்வதும் அவள் கையில் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் குழுவாக நடும் முறையில் இந்த நெருக்கம் இன்னும் கூடும். இந்தச் சேற்றில் நின்றவர்கள் பெரும்பாலும் நிலமற்ற பெண்கள். அவர்களிலும் தலித் பெண்களே மிகுதி. ஆகவே எந்த முதுகு வளையும் என்பதைச் சாதியும் முடிவு செய்தது.

இதற்கு அடுத்த நிகழ்வு என் வாதத்துக்கு வலுவான சான்று. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மின்சாரம் கிணற்றடிக்கு வந்தது. கமலை மறைந்து பம்புசெட்டு வந்தது. பிறகு ஏருக்குப் பதில் டிராக்டர் வந்தது. உழவும் இறைப்பும், அதாவது ஆண்களின் தலையிலிருந்த இரண்டு பெரிய வேலைகள், முதலில் இயந்திரத்துக்குப் போயின. நடவும் களையும் அதன்பிறகும் நெடுங்காலம் கைவேலையாகவே நின்றன. அந்தக் கைவேலைக்குக் கூலி குறைவாக இருந்ததால் அதற்கு இயந்திரம் வாங்கும் தேவை யாருக்கும் உடனே எழவில்லை. 1976-இல் சமவேலைக்குச் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்யாத வயலில் அந்தச் சட்டத்துக்குப் பிடிமானம் இல்லை. வேலைதான் வேறாயிற்றே என்று சொல்லி வேறு கூலி கொடுத்துவிட முடிந்தது. 2000-க்குப் பின் ஒற்றை நாற்று நடவு முறையோடு நின்றபடி தள்ளும் களைக்கருவி வந்தபோது, பல இடங்களில் அந்தக் கருவி ஆண்களின் கைக்குப் போனது. குனியாமல் செய்யும் வேலையாக அது மாறியதும் செய்யும் ஆளும் மாறிவிட்டார். குனிவது பெண்ணின் இயல்பு என்றால் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்காது.

தறியிலும் இதையே காணலாம். புளியங்குடி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து நெசவில் குழித்தறிக்கு நீண்ட வரலாறு உண்டு. நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாறிமாறி மிதிப்பார். பழைய முறையில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார்கள். ஜான் கே 1733-இல் இங்கிலாந்தில் உருவாக்கிய விசைநாடா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பரவியது. அதை இங்கே பரப்ப முயன்றவர்களில் ஆல்பிரட் சாட்டர்டன் முக்கியமானவர். அன்றைய அதிகாரிகளின் அறிக்கைகளில் அது உற்பத்தியைப் பெருக்கிய சாதனை. உடம்புக்கு அது வேறொன்றையும் செய்தது. இரண்டு கைகளும் மாறிமாறிச் செய்த வேலை போய், வலக்கை கயிற்றை இழுப்பதும் இடக்கை அச்சை அடிப்பதுமாக ஒவ்வொரு கைக்கும் ஒரே அசைவு நிலைத்தது. வேகம் கூடக்கூட அந்த ஒரே அசைவின் எண்ணிக்கையும் கூடியது. வேகத்துக்கு ஏற்ப ஊடை நூலும் வேண்டும். எனவே ராட்டையில் தார் சுற்றும் வேலையும் பெருகியது. அது வீட்டுப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் போனது. நெசவுக்கூலி சேலைக் கணக்கில் தறிக்காரர் பெயரில் வந்தது; தார் சுற்றிய தோளுக்குத் தனிப் பெயரும் இல்லை, தனிக் கூலியும் இல்லை. 2019-20-இல் நடந்த நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் அதன் துணைவேலைகளிலும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருப்பதாகவும் அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்றும் காட்டியது. நெசவாளி என்றதும் ஓர் ஆணின் உருவம் நம் மனதில் எழுகிறது என்றால், தொழிலைப் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்று பொருள்.

இனி பீடி. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளின் அடுப்பை எரியவைத்த தொழில் இது. மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை நிரப்பி, விரல்களுக்கிடையே உருட்டி, முனையை மடித்து, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஆயிரம் பீடி என்றால் ஆயிரம் உருட்டல், ஆயிரம் முடிச்சு, அதற்கேற்ற கத்தரி வெட்டு. இவ்வளவும் தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் கவிழ்த்தபடி நடக்கிறது. வயலில் வளைந்தது குறுக்கு என்றால் இங்கே வளைவது பிடரி, கடுப்பது தோள்பட்டை, மரத்துப்போவது கட்டைவிரலும் சுட்டுவிரலும். பெரிய எடை எதையும் தூக்காத வேலை என்பதால்தான் இதை ‘உட்கார்ந்து செய்யும் வேலை’ என்று இலேசாகச் சொல்ல முடிந்தது. சிறிய விசையே ஆனாலும் ஓய்வின்றித் திரும்பத் திரும்ப ஒரே தசைநாணில் விழுந்தால் அது வீங்கும். அசையாமல் பிடித்துவைத்த தசைக்கு இரத்த ஓட்டம் குறைந்து வலி நிலைக்கும். ஒரு பெரிய விபத்து செய்வதைப் பத்தாயிரம் சிறிய அசைவுகளும் செய்யக்கூடும்.

இந்த வேலை ஏன் வீட்டுக்குள் நடந்தது என்பதில் சட்ட வரலாறு குறுக்கிடுகிறது. 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பட்டறைகளில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு வரம்பு, இடைவேளை, காற்றோட்டம், குழந்தைக் காப்பகம் என்று அது விதித்தது. நல்ல சட்டம், ஆனால் வேலைநேர வரம்பு பட்டறைக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வீட்டுக்கு இலையும் தூளும் கொடுத்துப் பீடியாக வாங்கும் வழக்கம் முன்பே இருந்தது. சட்டத்துக்குப் பின் பட்டறை வைப்பதைவிட அது முதலாளிகளுக்கு வசதியாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் கண்ணூரில் இதே சட்டத்தை ஒட்டிப் பெரிய நிறுவனம் ஒன்று 1968-இல் பட்டறைகளை மூடியபோது, வேலையிழந்தவர்கள் அரசின் துணையோடு 1969-இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் கண்ணூர்ப் பட்டறை மரபு அங்கே தொடர்ந்தது. நெல்லைச் சீமையிலோ தொழில் வீட்டுத் திண்ணையில் சிதறியது. வீட்டில் சுற்றுபவரும் நிறுவனத்தின் தொழிலாளியே, வருங்கால வைப்புநிதி அவருக்கும் உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது பெரிய வெற்றி. ஆனால் நாற்காலியின் உயரம், ஓய்வு, வேலைநேரம் ஆகியவற்றைக் கேட்பதற்கு ஒரு மேற்பார்வையாளரோ ஆய்வாளரோ அந்தத் திண்ணைக்கு வரவில்லை.

வீட்டு வேலையில் நெருக்கடி இல்லை, விருப்பம்போல் செய்யலாம் என்பது என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேலை நெருக்கடியைப் பற்றி ஒரு தெளிவான கருத்தை முன்வைத்தார்: வேலை கூடுதலாக இருப்பது மட்டும் மனிதரை வாட்டுவதில்லை, கூடுதல் வேலையும் அதன்மேல் தனக்கு அதிகாரம் இல்லாத நிலையும் சேரும்போதுதான் வாட்டம் முற்றுகிறது. பீடி சுற்றுபவருக்கு எந்த நேரத்தில் தட்டை எடுக்கலாம் என்பது மட்டுமே சொந்த முடிவு. எவ்வளவு இலை வரும், இலை நல்லதா பழுதா, கடையில் எத்தனை பீடி கழிக்கப்படும், ஆயிரத்துக்கு என்ன கூலி என்பதெல்லாம் வேறொருவரின் முடிவு. இலை பழுதென்றால் அதிலிருந்தே கணக்கைத் தேற்ற வேண்டும். கழிக்கப்பட்டதை இரவில் சுற்றி நிரப்ப வேண்டும். துண்டுக்கூலி மேற்பார்வையாளரைத் தொழிலாளியின் தலைக்குள்ளேயே உட்காரவைக்கிறது. பதற்றத்தில் தோள் தானாகவே உயர்ந்து இறுகும். இறுகிய தோளோடு செய்யும் அசைவு இன்னும் கூடுதலாகத் தேய்க்கும். மன உளைச்சலும் கை உளைச்சலும் ஒரே இடத்தில் சந்திப்பது இப்படித்தான்.

வயது என்னும் மறுப்பு இரண்டாவது. மூட்டுத் தேய்மானம் வயதோடு கூடுகிறது, மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைகிறது என்பவை மருத்துவ உண்மைகள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உடம்புக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றொன்று வேலைக்கு உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணுவது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதைக் குழந்தைகளுக்குத் தடைசெய்யப்பட்ட வேலைகளில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. அம்மாவின் தட்டுக்கு இலை வெட்டிக் கொடுத்தும் முனை மடித்தும் பத்து வயதில் தொடங்கிய சிறுமிக்கு, முப்பது வயதில் இருபது ஆண்டு வேலைவயது ஆகியிருக்கும். அவள் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இளவயதுத் தேய்மானம் என்று வியப்பது, இரண்டாவது வயதைக் கணக்கில் எடுக்காததால் வரும் வியப்பு. முதுமையில் நிலை தலைகீழாகிறது. கண் மங்கிய பிறகும் விரல் தளர்ந்த பிறகும் துண்டுக்கூலியில் ஓய்வுவயது என்ற ஒன்று இல்லை; அதே ஆயிரத்துக்கு அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. வயது வலியைத் தருகிறது என்பதைவிட, வயதானவரிடமும் சிறுவரிடமும் உடம்புக்கு ஒவ்வாத வேலையை வாங்குகிறோம் என்பதே சரியான வாக்கியம்.

பெண்ணுடம்பு என்ற மறுப்புக்கும் இதேபோல் விடை உண்டு. சராசரியாகத் தசை வலுவில் வேறுபாடு இருக்கிறது. ஆனால் ஆண்கள் செய்த வேலையிலும் உடம்பு உடைந்துதான் இருக்கிறது. கரும்புக்கட்டும் நெல்மூட்டையும் ஏற்றி இறக்கிய சுமைதூக்குவோரின் முதுகும் முழங்காலும் அதற்குச் சாட்சி. வளர்ந்த ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. நம் மூட்டைகள் அதைக் கேட்கவில்லை. வேறுபாடு எங்கே என்றால் ஓய்வில். சுமை தூக்கியவர் வீட்டுக்கு வந்தால் உட்காரலாம். நடவிலிருந்து வந்தவரும் பீடித்தட்டைக் கீழே வைத்தவரும் தண்ணீர்க் குடத்தையும் விறகையும் துவைகல்லையும் நோக்கிப் போகிறார்கள். தேய்ந்த தசை ஆறுவதற்கு வேண்டிய நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே உடம்பு இரண்டு பணியிடங்களில் வேலைசெய்கிறது. ஒன்றுக்கு மட்டுமே கூலிக் கணக்கு உண்டு.

நான்காவது மறுப்பு அரசு அலுவலகத்திலிருந்து வருவது: வலியை அளக்க முடியாது, எல்லோரும் வலி என்பார்கள், இதை எப்படித் தொழில்நோயாக ஏற்பது? நூறாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்ட கேள்வி இது. தந்தி அனுப்பும் எழுத்தர்களின் கை இழுத்துக்கொண்டபோது பிரிட்டன் 1908-இல் அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. அதை ஆராய்ந்து 1911-இல் அறிக்கை தந்த குழு, திரும்பத் திரும்ப வரும் அசைவின் களைப்பையும் நரம்புத் தளர்ச்சியையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது. உடம்பா மனமா என்ற குழப்பம் இருந்தும் உரிமையை அவர்கள் நிறுத்திவைக்கவில்லை. நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியல் பின்னர் பலமுறை விரிந்து, ஈயம், பாதரசம், பஞ்சுத்தூசி நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, பனிப்பிரதேசங்களில் வரும் பனிக்குருடு வரை இடம் தந்தது. குழித்தறிக்காரரின் குறுக்குக்கும் பீடிக்காரரின் மணிக்கட்டுக்கும் அதில் இடம் இருக்கவில்லை. 1976-இல் அமைந்த பீடித் தொழிலாளர் நலநிதியும் காசநோய், புற்றுநோய், இதயநோய், கண்ணாடி ஆகியவற்றுக்கு உதவியது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மருத்துவமனையும் எழுந்தது. நுரையீரலையும் கண்ணையும் பார்த்த அரசு கழுத்தைப் பார்க்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் தசைநாண் அழற்சியும் பெயரோடு இருக்கின்றன. வேலை தொடர்பான மனநலப் பாதிப்புக்கும் அங்கே தனிப்பிரிவு உண்டு. அளக்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்த வேலைகள் பெண்களுக்குச் சொந்தக் காசைத் தந்தன. பீடிக்கூலியில்தான் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் கல்லூரி வரை போனார்கள். குறை சொல்லித் தொழிலை மூடிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? இது முழுக்க உண்மை. அதனால்தான் இந்தக் கட்டுரை தொழிலைக் கேள்வி கேட்கவில்லை, அது நடக்கும் விதத்தைக் கேட்கிறது. தொழில் மாறினால் மட்டும் உடம்பு தப்பிவிடாது என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. 1936-இல் பெரிய நூற்பாலை எழுந்த ராஜபாளையத்திலும் பிற ஊர் ஆலைகளிலும் அறுந்த நூலை இணைத்தபடி ஷிப்டு முழுவதும் நடக்கும் பெண்ணுக்கு, குனிந்த முதுகுக்குப் பதில் வீங்கிய கால். நகரத்து ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும் அப்படியே. கேரளத்துக் கடைப் பெண்களின் போராட்டத்துக்குப் பின் அங்கே 2018-இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடும் 2021-இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. பாட்டிக்கு நிமிர உரிமை இருந்ததில்லை, பேத்திக்கு உட்கார உரிமை இருந்ததில்லை. உடம்பின் நிலையை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இரு தலைமுறைக்கும் பொதுவான கேள்வி. அதற்கு 2021-இன் திருத்தம் சிறியதென்றாலும் நேரான விடை. அதே நேர்மையோடு திண்ணைக்கும் வயலுக்கும் விடை வேண்டும்: முதுகுக்குச் சாய்வும் தட்டுக்கு உயரமும் தரும் எளிய இருக்கை, கழிவுக்கு உச்சவரம்பு, ஓய்வு நேரத்தையும் உள்ளடக்கிய ஆயிரத்துக்கான கூலி, கைநடவுக்காரரிடமிருந்து பறிக்கப்படாமல் அவர் கைக்கே வரும் நடவுக்கருவி.

இத்தாலியின் மோடனா நகரத்து மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழில்நோய்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். நெசவாளர், தையற்காரர், எழுத்தர் என்று தொழில்தொழிலாகப் போய், உட்காரும் நிலையும் இடைவிடாத அசைவும் மனதின் இறுக்கமும் எப்படி உடம்பைக் கெடுக்கின்றன என்று எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என்று பண்டைய மருத்துவம் வகுத்த கேள்விகளோடு அவர் ஒன்றைச் சேர்த்தார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? சிவகிரி வட்டாரத்தில் குறுக்கு வலியோடு மருத்துவமனைக்குப் போகும் ஒருவரின் சீட்டில் பெயருக்கு அடுத்து வயதும் பாலும் எழுதப்படுகின்றன. அவற்றின் பக்கத்தில் தொழிலையும், எந்த வயதில் அதில் உட்கார்ந்தார் என்பதையும் எழுதத் தொடங்கினால், ஜமீன் காகிதங்கள் சொல்லாமல் விட்ட வரலாற்றின் முதல் பக்கம் அந்தச் சீட்டாகத்தான் இருக்கும்.